நாரி நோவும் நடையும்

வகுப்பறையில் வெண்கட்டி கீழே விழுவது பெரிய சம்பவம் அன்று. இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியத் தொழிலில் இருப்பவனின் கையிலிருந்து அஃது எத்தனையோ ஆயிரம் முறை விழுந்திருக்கும். அத்தனை முறையும் அவன் குனிந்து எடுத்துமிருப்பான். சென்ற ஆண்டு புரட்டாதி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, பதினோராம் வகுப்பு மாணாக்கருக்குப் பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கையில் என் கையிலிருந்த வெண்கட்டி விழுந்தது. குனிந்தேன்; எடுத்தேன்; நிமிர முடியவில்லை. நாரியிலே யாரோ ஆப்பு அறைந்தாற்போல ஒரு நோ. மேசைக் காலைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். நான் எதையோ தேடுகிறேன் என்று எண்ணி, முன் வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் தானும் குனிந்து தேடத் தொடங்கினான். வகுப்பு முழுவதும் சிரித்தது. என் முகத்தைக் கண்ட பிறகே அச்சிரிப்பு அடங்கிற்று.

அன்று நான்கு பிள்ளைகள் என்னைத் தாங்கிச் சென்று முச்சக்கர வண்டியில் ஏற்றிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து படுத்தவன் பத்தொன்பது நாள் எழுந்திருக்கவில்லை. அந்தப் பத்தொன்பது நாளும் நான் செய்தது பிழை. பிழையென்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது அதுவே வைத்தியம் என்று நம்பியிருந்தேன். நான் மாத்திரமன்று, என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லோருமே அவ்வாறுதான் நம்பினார்கள்.

நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் தோடம்பழத்தோடு ஒரு வைத்தியத்தையும் கொண்டுவருவது நம்மவர் வழக்கம். பக்கத்து வீட்டு அண்ணர் மெத்தையை அகற்றிவிட்டு வெறும் பலகையிற் படுக்கச் சொன்னார். பெரியமாமி நொச்சியிலையை வறுத்துத் துணியிற் கட்டி ஒத்தடம் கொடுத்தார். சக ஆசிரியர் ஒருவர் கொழும்பிலிருந்து தருவித்த அகன்ற இடுப்புப் பட்டி ஒன்றைத் தந்துபோனார். இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர், “மாஸ்டர், முள்ளந்தண்டிலே தட்டு விலகியிருக்கும். அசைஞ்சால் நரம்பிலே முட்டிப்போடும். முற்றத்துக்குக்கூட எழும்பாதேங்கோ” என்று எச்சரித்தார். இவ்வைத்தியங்களிற் சில ஒன்றோடொன்று முரண்பட்டன. ஆயினும் அசையாமற் கிடக்கவேண்டும் என்ற ஒரு விடயத்தில் அனைவரும் ஒருமனப்பட்டிருந்தனர். அம்மா கட்டிலருகே வந்து நின்று, “தம்பி, கொப்பர் பட்ட பாடு உனக்குத் தெரியும்தானே” என்று மாத்திரம் சொன்னார்.

தெரியும். 1993ஆம் ஆண்டில் எனக்குப் பதினான்கு வயது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எரிபொருள் வராத காலம். நீரிறைக்கும் இயந்திரங்கள் தோட்டத்துக் கொட்டில்களிலே ஓய்ந்து கிடக்க, பலர் மறுபடியும் துலாவை நாடினார்கள். ஐயாவும் தம் புகையிலைத் தோட்டத்துக்குத் துலாவாலேயே இறைத்தார். ஒருநாள் விடியற்காலை கிணற்றடியில் அவருக்கு நாரி பிடித்தது. அப்போது அவருக்கு வயது 48. இனிக் குனியவேண்டாம், பாரம் தூக்கவேண்டாம், கிணற்றடிப் பக்கமே போகவேண்டாம் என்று வைத்தியம் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஐயா பெரியோர் சொற் கேட்கும் மனிதர். ஆறு மாதம் படுக்கையிற் கிடந்தார். பின்னர் விறாந்தையில் இருந்த சாய்மனைக் கதிரைக்கு மாறினார். தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்தோம். 2011இல் அவர் காலமாகும் வரை, பதினெட்டு ஆண்டுகள், அந்தக் கதிரையே அவருடைய உலகமாயிற்று. கால்கள் சூம்பின, நோ மாத்திரம் போகவில்லை. அந்நோயின் இயல்பே அதுதான் என்று எண்ணியிருந்தோம்.

ஆதலால், பத்தொன்பதாம் நாள் ஸ்கான் அறிக்கையைக் கையில் எடுத்தபோது என் விதியையே வாசிப்பதாக எனக்குத் தோன்றியது. நாரியின் அடித்தட்டுகள் இரண்டில் ஒன்று தேய்ந்திருக்கிறது, மற்றது பிதுங்கியிருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. அன்றிரவு அதனை எத்தனை முறை வாசித்தேன் என்பது எனக்கே தெரியாது. மனைவி ஈற்றில் அதைப் பறித்து அலுமாரியில் வைத்துப் பூட்டினாள்.

அந்த அறிக்கையை எவ்வாறு வாசிக்கவேண்டும் என்பதைச் சில வாரங்கள் கழித்தே கற்றுக்கொண்டேன். 1994ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில், முதுகு நோவே இல்லாத 98 பேரை அழைத்து அவர்களின் முள்ளந்தண்டைக் காந்தக் கதிர்ப்படம் எடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 52 பேருக்கு ஒரு தட்டாயினும் பிதுங்கியிருந்தது. எல்லாத் தட்டுகளும் பழுதின்றி இருந்தவர்கள் நூற்றுக்கு 36 பேர்தான். பின்னர் 2015இல், நோவில்லாத மூவாயிரத்துக்கு மேற்பட்டோரின் படங்களை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தபோது, இருபது வயதினரில் நூற்றுக்கு 37 பேருக்கும், எண்பது வயதினரில் 96 பேருக்கும் தட்டுகளிலே தேய்வு காணப்பட்டது. நரை திரை போல இதுவும் வயதோடு வருவது. தலையில் ஒரு நரைமயிரைக் கண்டு அதனாலேதான் தலையிடிக்கிறது என்று எவரும் சொல்வதில்லை. நாரியின் படத்தைக் கண்டால் மாத்திரம் அவ்வாறு சொல்லிவிடுகிறோம். படமே வேண்டாம் என்பதன்று. காலிற் பலம் குறைந்தாலும், சத்திரசிகிச்சை செய்வதா என்று தீர்மானிக்க நேர்ந்தாலும் அது மிக அவசியம். சாதாரண நாரிப் பிடிப்புக்கு அதை எடுத்துப் பார்த்து அஞ்சுவதால் ஒரு பயனும் இல்லை.

அறிக்கையோடு வைத்தியரிடம் சென்றேன். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பகுதிக்கு ஒரு துண்டு எழுதித் தந்தார். எனக்கு மனக்குறை. ஊசியையோ சத்திரசிகிச்சையையோ எதிர்பார்த்துச் சென்றவனை அப்பியாசம் செய்யச் சொன்னால் ஏமாற்றமாகத்தானே இருக்கும்!

அங்கே இருந்த இயன்மருத்துவர், என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதையொத்த ஒரு பெண். ஸ்கானை அவர் கேட்கவேயில்லை. முதலிற் கேள்விகள் கேட்டார். “சேர், சலம் மலம் போறதிலே ஏதும் கரைச்சல் இருக்கோ? கதிரையிலே இருக்கிற இடம் விறைச்ச மாதிரி இருக்கோ? கால் இழுபடுதோ? காய்ச்சல் காய்ஞ்சதோ? காரணமில்லாமல் உடம்பு மெலிஞ்சதோ? எப்பவாவது புற்றுநோய்க்கு வைத்தியம் செய்தனீங்களோ?” ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றேன். ஒவ்வோர் ‘இல்லை’க்கும் அவர் முகம் சற்றுத் தெளிந்தது.

இக்கேள்விகளை வாசகர்களும் மனத்தில் இருத்திக்கொள்ளல் நன்று. நாரி நோவோடு சலம் அடைபட்டாலோ, தன்னையறியாமற் கழிந்தாலோ, தொடைகளின் உட்புறமும் மலவாயிற் புறமும் விறைத்தாலோ, கால்கள் நாளுக்கு நாள் பலம் குன்றினாலோ அது முள்ளந்தண்டின் அடியிலுள்ள நரம்புக் கற்றை நசிபடுவதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றைக்கே பெரிய வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும், மறுநாள் பார்ப்போம் என்று இருத்தல் ஆகாது. நோவோடு காய்ச்சலும், காரணமற்ற மெலிவும், முன்னர் புற்றுநோய் வந்த வரலாறும், முதியவர் விழுந்தெழும்பிய பின் வந்த நோவும் வைத்தியர் கட்டாயம் பார்க்கவேண்டியவை. இவ்வாறானவை நூற்றில் ஒரு சிலவே. அந்தச் சிலவற்றைப் பிரித்தெடுத்த பின்னரே மற்றவர்களுக்கு “அஞ்சவேண்டாம்” என்று சொல்லலாம்.

சிறு சுத்தியலால் முழங்காலிலும் குதிக்காலிலும் தட்டிப் பார்த்தார். காற்பெருவிரலை எதிர்த்து உயர்த்தச் சொன்னார். காலை நீட்டியபடி தூக்கிப் பார்த்தார். பிறகு, “இனிக் குப்புறப் படுங்கோ, சேர்” என்றார்.

எனக்கு உள்ளம் திக்கென்றது. “பிள்ளை, தட்டு பிதுங்கியிருக்குதாம், குப்புறப் படுக்கலாமோ?” என்றேன்.

“படுத்துப் பாப்பம், சேர். கூடினால் உடனே நிப்பாட்டலாம். நோ எந்தப் பக்கம் போகுது எண்டதை மட்டும் சொல்லிக்கொண்டு இருங்கோ.”

படுத்தேன். சில நிமிடங்களின் பின் முழங்கைகளை ஊன்றி நெஞ்சை உயர்த்தச் சொன்னார். பிறகு உள்ளங்கைகளை ஊன்றி, இடுப்பைக் கட்டிலிலேயே விட்டு, மேலுடம்பை மாத்திரம் எழுப்பச் சொன்னார். புஜங்காசனம் பழகியவர்களுக்கு இது புதிதன்று. வேறுபாடு என்னவெனில், இங்கே எழும்பியவுடனே தாழ்ந்து, அதையே பத்து முறை திருப்பிச் செய்யவேண்டும். ஆறாம் முறை அளவில் ஒரு விந்தை நிகழ்ந்தது. அன்றுவரை என் வலத்தொடை வழியாக முழங்கால் வரை இறங்கியிருந்த நோ மெல்ல மேலேறியது. தொடை வெறுமையாயிற்று. நாரியின் நடுவிலோ நோ முன்னையிலும் கூடியது. நான் பயந்து நிறுத்தப் போனேன். “கால் நோ குறைஞ்சு நாரிக்கு வாறது நல்ல சகுனம், சேர்” என்றார் அவர், சகுனம் என்ற சொல்லை வேண்டுமென்றே சொன்னவர் போலச் சிரித்துக்கொண்டு.

இந்தச் சகுனத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. நான் சரித்திரம் கற்பிப்பவன் ஆகையால் அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1956ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் தலைநகரான வெலிங்டனில் றொபின் மக்கென்சி என்ற இளம் இயன்மருத்துவர் தொழில் செய்துவந்தார். அவரிடம் வந்த நோயாளி ஒருவரை, அவர் பின்னர் எழுதியபோது ‘சிமித்’ என்ற பெயரால் குறிப்பிட்டார். வலப்பக்க நாரியிலிருந்து தொடைக்கு இறங்கும் நோ. மூன்று வாரம் வெப்பமூட்டியும் பிற சிகிச்சைகள் செய்தும் குணமில்லை. ஒருநாள் மக்கென்சி அவரிடம், அறைக்குட் சென்று கட்டிலிற் குப்புறப் படுத்திருக்கும்படி சொல்லிவிட்டு வேறு வேலையாகப் போய்விட்டார். அந்தக் கட்டிலின் ஒரு பக்கம் முந்திய நோயாளிக்காக உயர்த்தப்பட்டிருந்ததை ஒருவரும் தாழ்த்தி வைக்கவில்லை. சிமித்தோ ஒன்றும் கேளாமல், முதுகு பின்னோக்கி வில்லாக வளைய, அதன் மேலேயே படுத்துவிட்டார். அக்காலத்தில் நாரி நோக்காரரைப் பின்னுக்கு வளைப்பது ஆபத்து என்பதே பொதுவான கருத்து. சில நிமிடங்கள் கழித்து வந்து பார்த்த மக்கென்சி திடுக்கிட்டுப் போனார். நோயாளியோ, மூன்று வாரத்தில் இன்றுதான் சுகமாக இருக்கிறது, கால் நோ போய்விட்டது என்றாராம்.

மறந்துபோய்த் தாழ்த்தாமல் விட்ட ஒரு கட்டில்! இதனை நற்செயலான தவறு என்று சிரித்துவிட்டு வேறொருவர் மறந்திருப்பார். மக்கென்சி மறக்கவில்லை. அடுத்த நோயாளிகளையும் எத்திசையில் அசைக்க நோ காலைவிட்டு நாரிக்கு ஏறுகிறது, எத்திசையில் அசைக்கக் கீழே இறங்குகிறது என்று கவனித்துக் குறித்தார். 1980இல் நோயாளிகள் தாமே படித்துச் செய்யத்தக்க ஒரு சிறுநூலையும் வெளியிட்டார். அவர் 2013இற் காலமானார்.

அவர் முறையே முடிந்த முடிபு என்று நான் சொல்ல வரவில்லை. தட்டின் உட்பொருள் அசைவினால் இடம்பெயர்கிறது என்று அவர் தந்த விளக்கத்தை எல்லோரும் ஏற்பதில்லை. சிலருக்குப் பின்னோக்கி வளைதல் நோவைக் கூட்டும். நரம்புப் பாதை ஒடுங்கிய முதியவர்களுக்கு முன்னோக்கிச் சாய்வதே ஆறுதல் தரும். 1998இல் அமெரிக்காவில் 321 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மக்கென்சி முறையையும், மற்றொன்றுக்கு முள்ளந்தண்டைக் கையால் நெரிக்கும் முறையையும், மூன்றாவதற்கு ஒரு சிறு புத்தகத்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். முதலிரு பிரிவினரும் புத்தகம் பெற்றவர்களைவிடச் சற்றே மேலாக இருந்தனர், அவ்வளவுதான். நல்ல புத்தகம் ஒன்று அரை வைத்தியர் என்பதைக் கேட்டு என் போன்ற ஆசிரியர்கள் மகிழலாம்.

அசைவு ஏன் மருந்தாகிறது என்பதை எங்கள் கல்லூரியின் விஞ்ஞான ஆசிரியர் எனக்கு விளக்கினார். பிறக்கும்போது மனிதனுக்கு 33 முள்ளென்புகள். கழுத்தில் 7, நெஞ்சுப் பகுதியில் 12, நாரியில் 5. அதன் கீழுள்ளவை வளர வளர ஒன்றாய் இணைந்துவிடுகின்றன. இணையாத என்புகளின் இடையே உள்ளவையே இத்தட்டுகள், மொத்தம் 23. வளர்ந்தவரின் தட்டினுள்ளே குருதிக் குழாய்கள் இல்லை. பஞ்சை நீரில் அமுக்கி விடுவதுபோல, பாரம் ஏறும்போது நீர் வெளியேறியும் இறங்கும்போது உட்சென்றும் அது தன் ஆகாரத்தைப் பெறுகிறது. இரவு முழுவதும் படுத்தெழும் நாம் காலையிலே மாலையை விட ஒரு சென்ரிமீற்றருக்குக் குறையாமல் உயர்ந்திருப்பதும் இதனாலேயே. எனவே நடப்பதும் குனிவதும் நிமிர்வதும் தட்டுக்குச் சோறூட்டுவன. படுத்தே கிடந்தால் தசைகள் மெலிகின்றன. மெலிந்த தசை எளிதிற் களைக்கிறது. களைத்த தசை நோகிறது. நோவதால் மறுபடியும் படுக்கிறோம். ஐயாவின் சாய்மனைக் கதிரை இதை எனக்குப் பதினெட்டு ஆண்டுகள் காட்டிக்கொண்டே இருந்தது; நான் பார்க்கவில்லை.

படுக்கைதான் மருந்து என்ற நம்பிக்கை நம்மூர்ப் பெரியவர்கள் தாமாகக் கட்டிய கதையன்று. மேனாட்டு வைத்தியமே அதைப் பன்னெடுங்காலம் போதித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லிவர்பூலில் வாழ்ந்த ஹியூ ஓவன் தோமஸ் என்ற எலும்பு வைத்தியர் நீண்ட, இடையறாத ஓய்வையே வற்புறுத்தினார். 1934இல் அமெரிக்க சத்திரசிகிச்சை வைத்தியர்களான மிக்ஸ்ரரும் பாரும் தட்டு வெடித்து நரம்பை நெருக்குவதை விளக்கி எழுதிய பின், நாரியில் நோவென்றாலே ஏதோ உடைந்துவிட்டது என்ற பயம் பரவியது. உடைந்ததை அசைக்கலாமோ? 1947இலேயே இலண்டன் வைத்தியர் றிச்சேட் ஆஷர் படுக்கையின் தீமைகளை எடுத்துக்காட்டி ஒரு கட்டுரை எழுதினார். எனினும் கட்டில் அவ்வளவு விரைவில் தன் செல்வாக்கை இழக்கவில்லை.

அதனைத் தளரச் செய்தவை பிற்காலத்து ஆராய்ச்சிகள். 1986இல் 203 நோயாளிகளை வைத்து, இரண்டு நாள் படுக்கையும் ஏழு நாள் படுக்கையும் ஒப்பிடப்பட்டன. குணம் ஒன்றாகவே இருந்தது. இரண்டு நாட் படுத்தவர்கள் வேலைக்கு முந்திச் சென்றார்கள். 1995இல் பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில் நகரசபை ஊழியர் 186 பேர், நாரி பிடித்தவுடனேயே மூன்று பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் இரண்டு நாள் படுத்தனர். ஒரு பிரிவினர் முதுகுக்கான அப்பியாசம் செய்தனர். மூன்றாம் பிரிவினர் நோ இடங்கொடுத்த அளவுக்குத் தம் வழமையான வேலைகளையே பார்த்தனர். எல்லோரிலும் விரைவாகத் தேறியவர்கள் இந்த மூன்றாம் பிரிவினரே. பிந்தித் தேறியவர்கள் படுத்தவர்கள். நோ தொடங்கிய முதல் நாட்களில் விசேட அப்பியாசங்கூட வேண்டியதில்லை, அன்றாட வேலையே போதும் என்பது இதன் பயன். நான் படுத்ததோ பத்தொன்பது நாள்!

அப்படியானால் இயன்மருத்துவர் எதற்கு என்று கேட்கலாம். என் அநுபவத்தில், பயத்தைப் போக்குவதற்கு. அடுத்து, எவ்வளவு, எப்போது, எந்தத் திசையில் என்று அளந்து தருவதற்கு. நோ மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தவர்களுக்கு அப்பியாசமே முதன்மையான சிகிச்சை என்பதில் இன்று பெரும்பாலும் கருத்து வேற்றுமை இல்லை. இத்தொழில் தோன்றியதே கைகளிலும் அசைவிலுமிருந்துதான். 1813இல் சுவீடன் தேசத்து லிங் என்பவர் ஸ்ரொக்கோமில் தேகாப்பியாசக் கல்லூரி ஒன்றை நிறுவினார். 1894இல் இலண்டனில் நான்கு தாதிமார் கூடி, பிடித்துவிடும் தொழிலுக்கு ஒழுங்கும் மதிப்பும் தேடி ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள்; அதுவே பிரித்தானிய இயன்மருத்துவர் சங்கமாக வளர்ந்தது. நம் சித்த வைத்தியத்திலும் தொக்கணம் என்ற பெயரால் அழுத்தல், இழுத்தல், அசைத்தல் முதலாய் ஒன்பது வகை உண்டு. பெரியமாமியின் நொச்சி ஒத்தடத்தையும் நான் இகழமாட்டேன். அந்த இளஞ்சூடு தசையை இளக்கியது, அதன்பின் எழுந்து நடக்க எளிதாயிருந்தது. பிழை என்னவெனில், ஒத்தடத்தின் பின் நான் எழுந்து நடக்காததே.

நம்மவர்க்கோ இயந்திரம் வேண்டும். அந்தப் பகுதியின் வாங்கிலே காத்திருந்தபோது, “அந்த மின்சாரப் பெட்டியை எனக்கும் பிடிக்கச் சொல்லுங்கோ” என்று ஒரு முதியவர் ஒவ்வொரு முறையும் மன்றாடுவதைக் கேட்டிருக்கிறேன். 2016இல் பிரித்தானியாவின் தேசிய வழிகாட்டி, நாரி நோவுக்கு இழுவைக் கட்டு, கேளா ஒலி, மின்னதிர்வு ஆகியவற்றையும் இடுப்புப் பட்டியையும் கொடுக்கவேண்டாம் என்றே சொல்லிற்று. சக ஆசிரியர் தந்த பட்டியை நன்றியோடு திருப்பிக் கொடுத்துவிட்டேன். பலகைப் படுக்கையும் பிழைத்தது. 2003இல் ஸ்பெயினில் 313 பேரை வைத்து மெத்தைகளை ஒப்பிட்டபோது, மிகக் கடினமானதைவிட நடுத்தரக் கடினமுள்ள மெத்தையில் உறங்கியவர்களே கூடிய சுகம் பெற்றார்கள். அண்ணருக்கு இதை எப்படிச் சொல்வதென்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கழுத்து நோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் மூத்த மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். நான் நாரியைப் பிடித்துக்கொண்டு நடந்த நாட்களில் அவள் பிடரியைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். கைத்தொலைபேசிதான் காரணம் என்று அம்மா தீர்ப்புக் கூறினார். முழுமையாக அப்படிச் சொல்லிவிட முடியாது. நம் தலை ஏறத்தாழ ஐந்து கிலோ நிறை. அதனை முன்னே தொங்கவிட்டால் பிடரித் தசைகள் ஓயாமல் இழுத்துப் பிடிக்கவேண்டியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு அதே கோலத்தில் மூன்று மணி நேரம் பாடப்புத்தகத்தைப் பார்த்தாலும் பிடரிக்கு ஒன்றுதான். ஒட்டகச்சிவிங்கிக்கும் நமக்கும் கழுத்தென்பு ஏழேதான்; அந்த விலங்கு நாள் முழுவதும் தலையை ஒரே இடத்தில் வைத்திருப்பதில்லை. அரை மணிக்கொரு தரம் எழுந்து ஒரு சுற்று நடத்தல், மோவாயை உள்ளிழுத்துத் தலையைப் பின்தள்ளிச் சில முறை விடுதல், தோள்களைப் பின்னோக்கிச் சேர்த்தல், இருபக்கமும் மெதுவாகத் திரும்பிப் பார்த்தல் ஆகியவற்றை இயன்மருத்துவர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். புத்தகத்தை இரண்டு தடித்த அகராதிகளின் மேல் சாய்த்து உயர்த்தி வைத்தது அவளது சொந்தக் கண்டுபிடிப்பு. வாகன விபத்தினாற் கழுத்துத் தசை நொந்தவர்களுக்குக்கூட, எலும்பு முறிவில்லை என்று உறுதியானபின் கழுத்துப் பட்டியைக் கழற்றி விரைவில் அசையத் தொடங்குவதே நன்று என்று 1995இல் கனடாவின் கியூபெக் மாகாணத்து நிபுணர் குழுவொன்று அறிவித்தது. கையிலே பலம் குறைந்தாலோ, இரு கைகளும் விறைத்து நடை தள்ளாடினாலோ வைத்தியரிடம் செல்லத் தாமதிக்கலாகாது.

இவ்வளவும் எழுதும்போது மனைவியின் நாரியை நினையாமல் இருக்க முடியவில்லை. மூன்று பிள்ளைகள் பெற்றவள். வாளியும் வாழைக்குலையும் தூக்கியவள். அவளுக்கும் ஆண்டுதோறும் நாரி பிடிக்கும். ஒருநாளும் பத்தொன்பது நாள் படுத்ததில்லை. படுக்காததாலே அவள் விரைவில் தேறினாள் என்று ஒருநாள் என் புதிய கல்வியை அவளிடம் காட்டினேன். “தேறினது உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நான் சொல்லேல்லை, நீங்கள் கேக்கேல்லை” என்றாள். அடுத்த வாரம் அவளையும் அந்த இயன்மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2020இல் நாரி நோவுற்றவர்கள் 61 கோடியே 90 இலட்சம் பேர். அவர்களிற் பெண்களே கூடுதலானவர்கள்.

இப்போது இருவரும் விடியற்காலையில் நடக்கிறோம். வெறும் உலாவல் என்று இதை எண்ணவேண்டாம். 2024இல் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து ஆராய்ச்சியாளர்கள், நாரி நோவிலிருந்து அண்மையில் தேறிய 701 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு இயன்மருத்துவர்கள் சிறிது சிறிதாக நடையைக் கூட்டி, வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி என்ற அளவை நோக்கி நடத்திச் சென்றனர். நடந்தவர்களுக்கு, வேலையைத் தடுக்கும் அளவான நோ திரும்பி வர இடைக்கணக்கில் 208 நாள் சென்றது. நடவாத மற்றப் பிரிவினருக்கு 112 நாள். செலவு ஒரு சோடி செருப்பு.

ஒருநாள் நடந்து திரும்பியபோது அம்மா விறாந்தையில் நின்றுகொண்டிருந்தார். ஐயாவின் கதிரை இன்னமும் அங்கேதான் இருக்கிறது. யாரும் அதில் இருப்பதில்லை. நான் படித்தவற்றையெல்லாம் அம்மாவுக்குச் சொன்னேன், ஹெல்சிங்கியையும் சொன்னேன். கேட்டுக்கொண்டு நின்றவர், “அந்த மனுசன் கிணற்றடிக்குப் போகட்டோ, போகட்டோ எண்டு எத்தினை தரம் கேட்டவர், நான்தான் விடேல்லை” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஐயாவின் நோ எவ்வகையினது என்பதை இன்று யாரும் அறிய முடியாது என்றும், அக்காலத்து வைத்தியர்களும் தாம் கற்றதையே சொன்னார்கள் என்றும் பின்னாற் சென்று சொன்னேன். அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தை மாதத்தில் எனக்கு நோ மறுபடியும் வந்தது. வரும் என்று இயன்மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அன்று இரவு பழைய பயமும் வந்தது. அதை மறைத்துப் பயனில்லை. பெரியமாமி நொச்சியிலையோடு வந்தார். ஒத்தடம் வாங்கிக்கொண்டு முற்றத்தைப் பத்து முறை சுற்றினேன். குப்புறப் படுத்து எழும்பினேன். இரண்டாம் நாள் கல்லூரிக்குச் சென்று, மேசையிற் சாய்ந்தும் நின்றும் நெப்போலியனை எல்பாத் தீவுக்கு அனுப்பி வைத்தேன். பாடத்தின் நடுவே வெண்கட்டி விழுந்தது. முன் வாங்கு மாணவன் பாய்ந்து எழுந்தான். இருக்கச் சொல்லிவிட்டு நானே குனிந்து எடுத்தேன். நிமிர்வதற்குச் சற்று நேரம் பிடித்தது. வகுப்பு அமைதியாகக் காத்திருந்தது.